இறங்கும்போது பார்க்கிற லோடு

இந்த ஃபேனை மூன்றில் வைத்தால் காகிதம் பறக்கும், இரண்டில் வைத்தால் வியர்க்கும். இருபத்திரண்டு வருடமாக இதற்கு எனக்கு ஒரு வழி தெரியவில்லை. நீங்கள் கொண்டுவந்திருப்பவை முக்கியமான காகிதங்கள் என்பதால் இரண்டிலேயே இருக்கட்டும். கீழே ஜெராக்ஸ் கடை வேறு. மெஷின் சூடு தரை வழியாக ஏறிக்கொண்டே இருக்கும். மழை நாளில் மட்டும் அது சுகமாக இருக்கும் மேடம்.

டீ சொல்லட்டுமா? வேண்டாமா? ஆய்வுக்கு வருகிறவர்கள் குடிக்கக்கூடாது என்று விதி இருக்கும். சரி, நான் மட்டும் குடிக்கிறேன்.

உங்கள் கேள்வி சின்னதுதான். இந்தப் படிவத்தில் இருப்பது என் தங்கை கணவர் போட்ட கையெழுத்தா, நானே போட்டுக்கொண்டதா? அவர் போட்டதுதான். சந்தேகமே வேண்டாம். கடைசி எழுத்தின் வாலை அவர் அப்படித்தான் கீழே இழுத்து விடுவார். ஆனால் அவர் அதைப் போட்டபோது தாளில் வேறு எதுவும் எழுதியிருக்கவில்லை. பத்துத் தாளை மொத்தமாக நீட்டினேன். "எங்கெல்லாம் போடணுமோ பென்சில்ல ஒரு டிக் வெச்சுடுங்க மச்சான்" என்றார். வைத்தேன். பத்திலும் போட்டுவிட்டு, பேனாவை மூடி, என் சட்டைப் பையில் அவரே செருகிவிட்டார். பிறகு தேவைப்பட்டபோதெல்லாம் ஒவ்வொரு தாளாக எடுத்து நான் நிரப்பிக்கொண்டேன். என் மியூச்சுவல் ஃபண்டு ஏஜென்ட் லைசென்ஸை ரத்து செய்ய இது போதும். எழுதிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு லேசாக ஒப்புக்கொள்கிறானே என்று பார்க்கிறீர்கள். நான் களைத்துப்போயிருக்கிறேன், வேறு ஒன்றுமில்லை. நீங்கள் தேடி வந்தது கையெழுத்தை. நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. உங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது, அதனால் கேட்கவும் மாட்டீர்கள். ஆறிப்போவதற்குள் அதையும் சொல்லிவிடுகிறேன். டீயைச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடத்தின் லிஃப்ட் அவர் கைபட்டதாகத்தான் இருக்கும். ஆனால் அவர் குடியிருந்த மூன்று மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. கேட்டால், "இருந்தா அதையும் நான்தான் ரிப்பேர் பண்ணணும். வீட்லயாவது நிம்மதியா படியேறிக்கிறேன்" என்பார். எனக்கு அவரைப் பிடிக்கும். என்னை "பர்சென்ட்" என்றுதான் கூப்பிடுவார். வாசலில் என் செருப்புச் சத்தம் கேட்டதும் உள்ளே இருந்து, "பர்சென்ட் வந்தாச்சு, டீக்குத் தண்ணி வெய்யி" என்று என் தங்கைக்குக் குரல் கொடுப்பார். அவர் மகள் சின்ன வயதில் என்னைப் பர்சென்ட் மாமா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு நான் வைத்த பெயர் கேள்வி. வாயைத் திறந்தால் கேள்விதான் வரும். உங்களுக்குப் புகார்க் கடிதம் எழுதியது அவள்தான் என்று எனக்குத் தெரியும். நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்தத் தொழிலில் இருபத்திரண்டு வருடத்தில் வாங்கிய தேதியைப் பார்த்த ஒரே வாடிக்கையாளர் அவள்தான்.

பத்து வருடத்துக்கு முன்னால் அவர்கள் பணத்தை என்னிடம் கொடுத்தார்கள். வேலையில் மாப்பிள்ளை விரல் நசுங்கியதற்கு வந்த நஷ்ட ஈடு, அதோடு தங்கை சீட்டுப் போட்டுச் சேர்த்தது. இரண்டையும் மியூச்சுவல் ஃபண்டில் போட்டுக் கொடுத்தேன். நல்ல ஃபண்டுதான். அதில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அன்றைக்கு மாப்பிள்ளை சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, விளக்கப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். மெக்கானிக் இல்லையா, எந்த மெஷினோடு எந்தப் புத்தகம் வந்தாலும் முழுக்கப் படித்துவிடுவார்.

"மச்சான், இதுல எக்ஸிட் லோடுன்னு போட்டிருக்கே, அது என்ன?"

"ஒரு வருஷத்துக்குள்ள பணத்தை வெளிய எடுத்தா நூத்துக்கு ஒண்ணு பிடிச்சுக்குவாங்க. வருஷம் தாண்டிட்டா ஒண்ணும் கிடையாது."

அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. "நல்லா இருக்கே. எங்க லிஃப்ட்ல ஏறும்போதுதான் லோடு பாப்போம். உங்க லிஃப்ட்ல இறங்கும்போது பாக்குறீங்க."

அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று கேட்டார். "நாங்க மாசாமாசம் வந்து எண்ணெய் போட்டுட்டு, பில்லு குடுத்துட்டுப் போறோம். உங்க பில்லு எங்க? உங்களுக்கு யாரு சம்பளம் குடுக்குறா?"

"கம்பெனி குடுக்குது மாப்பிள்ளை."

எங்கள் தொழிலில் எல்லோருக்கும் மனப்பாடமான பதில் அது. உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் பதிவுக்காகச் சொல்கிறேன். கம்பெனி கொடுப்பது உண்மை. எங்கிருந்து கொடுக்கிறது என்றால், அவர் போட்ட பணத்திலிருந்துதான். வருடத்துக்கு நூற்றுக்கு இரண்டு என்று கழிப்பார்கள். அதில் ஏறக்குறைய பாதி எனக்கு வரும். பில் கிடையாது. தினமும் யூனிட் விலையைச் சொல்வதற்கு முன்பே ஒரு துளி எடுத்துவிட்டுத்தான் சொல்வார்கள். யார் கண்ணிலும் படாது. ஏஜென்ட் இல்லாமல் நேரடியாகப் போட்டிருந்தால் அந்தப் பாதி மிச்சம். அப்படி ஒரு வழி இருப்பதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. யாரும் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. கேள்வி அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

இதற்காக நான் வெட்கப்படவில்லை. சந்தை சரிந்த வருடம் தங்கை தூக்கமில்லாமல் போன் பண்ணினாள். எடுத்துவிடலாமா என்று அழுதாள். நான் போய் உட்கார்ந்து பேசிப் பேசி எடுக்க விடாமல் பார்த்துக்கொண்டேன். அடுத்த இரண்டு வருடத்தில் அது இரட்டிப்பாகிவிட்டது. "எடுக்காதீங்க, பொறுங்க" என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று நானே நினைத்துக்கொண்டேன். பாதி நேரம் அது உண்மையும்கூட. ஆயிரம் பேரிடமாவது சொல்லியிருப்பேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் என் வாயில் முதலில் அதுதான் வரும்.

எட்டாவது வருடம் என் வண்டி சரியாக ஓடவில்லை. ஆட்கள் செல்போனிலேயே வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். மாதத்துக்கு இரண்டு பேர் இந்த மாடிப்படி ஏறினால் பெரிது. அந்தச் சமயத்தில் ஒரு புது ஃபண்டு வந்தது. அதில் பணம் கொண்டுவந்து போட்டால் உடனடியாக ஒரு பர்சென்ட் கையில் தருகிறோம் என்றார்கள். புதுப் பணத்துக்கு நான் எங்கே போவேன்? பீரோவைத் திறந்தேன். மாப்பிள்ளை கையெழுத்துப் போட்ட தாளில் ஆறு மிச்சம் இருந்தது.

அதில் ஒன்றுதான் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. ஸ்விட்ச் என்பார்கள். பழைய ஃபண்டிலிருந்து எடுத்துப் புதியதில் போடுவது. மாப்பிள்ளையிடம் வாய்வார்த்தையாகச் சொன்னேன். "கொஞ்சம் நல்ல இடத்துக்கு மாத்தி விடுறேன்." அவர் எங்கேயோ ஒரு லிஃப்ட் மேல் நின்றுகொண்டு போனில் பேசினார். "நீங்க பாத்துச் செய்யுங்க" என்றார். பதினொரு லட்சத்து நாற்பதாயிரம் மாறியது. எனக்குப் பதினோராயிரத்து நானூறு வந்தது. அதில் என் மூன்று மாத வாடகை பாக்கியைக் கொடுத்தேன்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பணம் போட்டு எட்டு வருடம் ஆகியிருந்தது. அன்றைக்கு அவர்கள் எப்போது வேண்டுமானாலும் ஒரு காசு பிடித்தம் இல்லாமல் வெளியே வந்திருக்கலாம். ஸ்விட்ச் போட்டதும் கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓட ஆரம்பித்தது. இன்னொரு முழு வருடத்துக்கு லோடு. அந்த வருடத்துக்குள் பணத்தை எடுத்தால் எனக்குக் கொடுத்த கமிஷனையும் கம்பெனி திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். அவர்களுக்கு அது இரண்டும் தெரியாது.

பதினோராவது மாதம் மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. படியேறும்போது முதலில் மூன்றாவது மாடியில் நின்றார். பிறகு இரண்டாவதில். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். ஆட்டோ பிடித்தது நான், வரிசையில் நின்றது நான். இதய வால்வு சுருங்கிப்போயிருக்கிறது, மாற்ற வேண்டும் என்றார்கள். நாலரை லட்சம். டாக்டர் சீக்கிரம் செய்ய வேண்டும் என்றார். அன்றைக்குத் தேதி எட்டு. ஸ்விட்ச் போட்டு ஒரு வருடம் முடிய இருபத்தேழாம் தேதி வரைக்கும் பொறுக்க வேண்டும். பத்தொன்பது நாள்.

வீட்டுக்கு வந்து, படுக்கையில் அவரைச் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, சமையலறையில் நின்று பேசினோம். தங்கை அப்போதே ஒரு துணிப்பையில் வளையல்களை எடுத்து வைத்திருந்தாள்.

"அண்ணா, இதை வெச்சுட்டு நாளைக்கே கட்டிடலாமா? அப்புறமா மீட்டுக்கலாம்."

"எதுக்கும்மா? உன் பணம் கையில இருக்கும்போது எவனுக்கோ வட்டி கட்டுவியா?"

"அப்ப அதையே எடுத்துடு."

"இப்ப எடுத்தா நூத்துக்கு ஒண்ணு போயிடும். பத்தொம்பது நாள் பொறுத்தா ஒரு காசு பிடிக்க மாட்டாங்க."

அவள் நெற்றியைச் சுருக்கினாள். "ஒன்பது வருஷமா போட்டு வெச்சிருக்கோமே. இன்னுமா ஒரு வருஷம் ஆகலை?"

"ரூல்ஸ் மாத்திட்டாங்கம்மா."

அவள் தலையாட்டினாள். ரூல்ஸ் என்றால் எங்கள் வீட்டில் எல்லோரும் தலையாட்டிவிடுவோம். அடுப்புக்குப் பக்கத்தில் நான் கொடுத்த காலண்டர்தான் தொங்கியது. ஃபண்டு கம்பெனி இலவசமாகத் தருவது. கீழே பொடி எழுத்தில் எச்சரிக்கை வாசகம் இருக்கும். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து இருபத்தேழைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.

உள்ளேயிருந்து மாப்பிள்ளை குரல் கொடுத்தார். மூச்சை இழுத்து இழுத்துத்தான் பேசினார், ஆனால் கிண்டல் மட்டும் குறையவில்லை. "லோடு தாங்கலேன்னா எங்க லிஃப்ட் கத்தும் பர்சென்ட். உங்களது கத்தாதா?"

நானும் சிரித்தேன். அவளும் சிரித்துவிட்டாள். வளையல் பை திரும்ப அலமாரிக்குப் போனது.

பதினைந்து நாள் நன்றாகத்தான் இருந்தார். நான் ஒருநாள் விட்டு ஒருநாள் போய்ப் பார்த்தேன். பழம் வாங்கிக்கொண்டு போனேன். படியேறக்கூடாது என்று அவரிடம் கண்டிப்பாகச் சொன்னதும் நான்தான். இருபத்து மூன்றாம் தேதி காலையில், தங்கை குளித்துக்கொண்டிருந்தபோது, கேள்வி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, யாரையும் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று அவரே கீழே இறங்கிப் பால் வாங்கியிருக்கிறார். திரும்பி வரும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டார். கேள்விதான் முதலில் பார்த்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். பால் பாக்கெட் மடியில் உடையாமல் இருந்ததாம்.

நான் போனபோது அவரைக் கட்டிலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சமையலறையில் தண்ணீர் எடுக்கப் போனேன். காலண்டரில் வட்டம் அப்படியே இருந்தது. நான் அந்தத் தாளைக் கிழிக்கலாமா என்று யோசித்து, பிறகு விட்டுவிட்டேன். கிழித்தால் யாராவது ஏன் என்று கேட்பார்கள்.

வந்தவர்கள் எல்லோரிடமும் தங்கை ஒரே மாதிரிதான் சொல்லி அழுதாள். "எங்கண்ணன் எவ்வளவோ பாத்தாரு. எங்க பணத்துல ஒரு பர்சென்ட்கூடப் போகக்கூடாதுன்னு பாத்தாரு. விதி, நாலு நாள் பொறுக்கலை." நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். அவள் அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது மேடம். அதையும் மறைக்க விரும்பவில்லை.

பிறகு நியாயமாகச் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தேன். இறப்புச் சான்றிதழ் வாங்கி, யூனிட்டுகளைத் தங்கை பெயருக்கு மாற்றி, வேண்டுமானால் முழுப் பணத்தையும் எடுத்துக்கொள்ளலாம், இப்போது பிடித்தமே கிடையாது என்று அவளிடம் எடுத்துச் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இனிமே எதுக்கு அது? நீயே பாத்துக்க" என்றாள். நான் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டாள்.

நான் பார்த்துக்கொண்டேன். வேறொரு புது ஃபண்டுக்கு ஸ்விட்ச் போட்டேன். ஆமாம், மறுபடியும்தான். சந்தேகம் என்றால் அடுத்த தாளைப் பாருங்கள். இதற்கும் ஒரு பர்சென்ட் வந்தது. இதிலும் ஒரு வருடத்துக்கு லோடு. சும்மா கிடக்கிற பணம்தானே, அவளுக்கு இப்போதைக்கு என்ன செலவு வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

வந்தது. அவளால் அந்தப் படியைத் தாண்ட முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்தத் திருப்பத்தில் கண்ணை மூடிக்கொண்டு, சுவரைத் தடவிக்கொண்டு ஏறுவாள். போன மாதம் அப்படி ஏறும்போது விழுந்து கால் பிசகிக்கொண்டாள். பக்கத்துத் தெருவில் தரைத்தளத்தில் ஒரு வீடு இருக்கிறது, மூன்று லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார்கள், எடுத்துக் கொடுங்கள் மாமா என்று கேள்வி போன் பண்ணினாள். இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் ஒரு பர்சென்ட் மிச்சமாகும் என்று சொன்னேன்.

அவள் மெதுவாகக் கேட்டாள். "எதுல இருந்து ஒரு வருஷம் மாமா?"

மறுநாள் அவளே கம்பெனியிலிருந்து கணக்கு அறிக்கையை வாங்கிவிட்டாள். சாயங்காலம் இங்கே வந்தாள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன், அதற்கு எனக்குப் பழக்கம் உண்டு.

"ஒன்பது வருஷத்துல அப்பா பணத்துல உங்களுக்கு அறுபதாயிரத்துக்கு மேல போயிருக்கு. அது போகட்டும். உங்க உழைப்புன்னு வெச்சுக்கறேன். இந்த ஸ்விட்ச் மட்டும் நீங்க போடாம இருந்திருந்தா அப்பா பணத்தை அன்னிக்கே எடுத்திருக்கலாம் இல்லையா மாமா?"

"எடுத்திருக்கலாம்மா. ஆனா டாக்டர் சீக்கிரம்னுதான் சொன்னாரு. அன்னைக்கேன்னு சொல்லலை."

அவள் அறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். தங்கை அன்றைக்கே எனக்குப் போன் பண்ணி, மகளுக்காக மன்னிப்புக் கேட்டாள். "சின்னப் பொண்ணு, வாய்க்கு வந்ததைப் பேசிட்டா. மனசுல வெச்சுக்காதண்ணா. நீ எங்களுக்குக் கெடுதல் நினைப்பியா?" என்றாள். உலகத்தில் இன்னும் என்னை நம்புகிற ஒரே ஆள் அவள்தான். மகளோடு பேச்சுவார்த்தையைக்கூட நிறுத்திவிட்டாளாம், எனக்காக.

இதுவரைக்கும் சொன்னது உங்கள் காகிதங்களில் இருக்கிறது. தேதிகளைக் கூட்டிக் கழித்தால் நீங்களே கண்டுபிடிப்பீர்கள். காகிதத்தில் இல்லாதது ஒன்றே ஒன்று.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அறைக்குள் நான் தனியாகத்தான் இருந்தேன். மாப்பிள்ளை ஸ்கேன் அறையில் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். தங்கை பணம் கட்டுகிற ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். டாக்டர் வயதில் சின்னவர். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்து, நேராக என்னைப் பார்த்துச் சொன்னார். "இந்த வாரத்துக்குள்ள அட்மிட் பண்ணிடுங்க. அதுக்கு மேல நான் பொறுப்பில்லை. இவர் படியே ஏறக்கூடாது."

சீக்கிரம் என்று அவர் சொல்லவில்லை. இந்த வாரத்துக்குள் என்றார்.

டாக்டர் மேஜைக்கும் வெளிக் கதவுக்கும் பத்தடி இருக்கும். அந்தப் பத்தடி நடக்கும்போது எனக்கு நினைவுக்கு வந்தது இருபத்தேழாம் தேதி. நாலரை லட்சத்துக்கு என்னிடமிருந்து திரும்பப் போகிற கமிஷன் நாலாயிரத்து ஐந்நூறு. அதைவிடப் பெரிதாக இன்னொன்று. அறிக்கையில் பிடித்தம் என்று ஒரு வரி வரும். மாப்பிள்ளை எதையும் முழுக்கப் படிக்கிறவர். ஒன்பது வருடம் கழித்து எனக்கு ஏன் லோடு என்று கேட்பார். சிரித்துக்கொண்டேதான் கேட்பார். அந்தச் சிரிப்புக்கு என்னிடம் பதில் கிடையாது.

வெளியே வந்ததும் தங்கை ஓடிவந்து, "என்ன சொன்னாரு?" என்றாள்.

"சீக்கிரம் பண்ணணுமாம்" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை என்று பல மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த வாரம் என்பதும் சீக்கிரம்தானே. என் தொழிலே அதுதான் மேடம். உங்கள் பணத்தில் கழிக்கிறார்கள் என்பதைக் கம்பெனி கொடுக்கிறது என்று மாற்றுவேன். விலை விழுந்துவிட்டது என்பதைத் தற்காலிக இறக்கம் என்று மாற்றுவேன். என் கமிஷனுக்காக இடம் மாற்றுகிறேன் என்பதை நல்ல இடம் என்பேன். பெரிய சொல்லை வாங்கி, வலிக்காத சின்னச் சொல்லாகத் திருப்பிக் கொடுப்பேன். அன்றைக்கும் வாய் கூசவில்லை. அது முடிந்ததே எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குப் படிவம் கொடுத்திருந்தால் மூன்று வேலை நாளில் பணம் வந்திருக்கும். அந்த வாரம் முடிவதற்குள் அவரைச் சேர்த்திருக்கலாம். வளையலை வைத்திருந்தால் மறுநாளே சேர்த்திருக்கலாம். இரண்டையும் நிறுத்தியவன் நான்தான். வால்வு சுருங்கி அவர் சாகவில்லை. நான் சாகடித்தேன். இந்த வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள், மாற்ற வேண்டாம்.

முடிந்ததா? கொடுங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். எங்கெல்லாம் போட வேண்டுமோ பென்சிலில் ஒரு டிக் வைத்துவிடுங்கள். படித்துப் பார்க்க வேண்டாம், நீங்கள் சரியாகத்தான் எழுதியிருப்பீர்கள்.

தங்கைக்கு இது தெரிந்தாக வேண்டும். எனக்குப் புரிகிறது. தெரிந்த நிமிடமே அவள் முழுப் பணத்தையும் எடுத்துவிடுவாள். என் கை பட்ட எதையும் வைத்துக்கொள்ள மாட்டாள். எடுக்கட்டும், அவள் பணம்தானே.

ஆனால் ஒன்று, மேடம். அவள் இருக்கிற இரண்டாவது ஃபண்டுக்கு இந்தத் திங்கட்கிழமையோடுதான் ஒரு வருடம் முடிகிறது. இன்றைக்கு நீங்கள் அறிக்கையை அனுப்பி, நாளைக்கு அவள் கோபத்தில் எடுத்தால், பன்னிரண்டாயிரம் வீணாகப் பிடித்தமாகிவிடும். பாவம், புருஷன் இல்லாதவள். எனக்காகக் கேட்கவில்லை. அவளுக்காகக் கேட்கிறேன். ஒரு நாலு நாள் இதை உங்கள் பையிலேயே வைத்திருங்கள். உங்கள் மேலிடத்தில் சீக்கிரம் என்றுதானே சொல்லியிருப்பார்கள். இன்றைக்கே என்று யாரும் சொல்லவில்லையே.